வெளிப்பயணத்தில் நீண்ட கூந்தல்: எங்கே வலிக்கிறது, எங்கே சிக்குகிறது, என்ன செய்வது

சடை பின்னிவிட்டால் முடி பத்திரம் என்ற நம்பிக்கையில்தான் பலரும் மலையேற்றத்துக்கோ படகுப் பயணத்துக்கோ நீண்ட மோட்டார் சைக்கிள் பயணத்துக்கோ கிளம்புகிறார்கள். இரண்டாம் நாள் மாலை அவிழ்த்துப் பார்த்தால் பிடரியில் ஒரு சிக்குக் கட்டி, நெற்றியோரம் எரிச்சல், நுனியெல்லாம் மொரமொரப்பு. சடை முடியைக் காக்கத்தான் செய்கிறது. ஆனால் மேலே எவ்வளவு இறுக்கம், நடுவில் எதனோடு உரசல், கீழே எவ்வளவு முடி வெளியே தொங்குகிறது என்ற மூன்றையும் பொறுத்தே அது காக்கும். குறை எந்த இடத்தில் தென்படுகிறதோ, காரணமும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே எண்ணெயையும் ஷாம்புவையும் மாற்றிப் பார்க்கும் முன் விரலால் தடவி இடத்தைக் கண்டுபிடியுங்கள். தலையின் உச்சியிலிருந்து நுனி வரை, அதன் பிறகு தண்ணீர், வெயில் என்ற வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

பின்னிய சில மணி நேரத்தில் தலை வலிக்கிறது, நெற்றியோரம் இழுக்கிறது

புருவங்களை மேலே தூக்கிப் பாருங்கள். நெற்றியோரத் தோல் கூடவே நகராமல் விறைத்து நின்றாலோ, காதோரம் சுருக்கென்று வலித்தாலோ சடை இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். வேறு பரிசோதனை தேவையில்லை. இருக்கும் இடத்திலேயே அவிழ்த்துவிடுங்கள். போகப் போகப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழகுவது வலி மட்டும்தான், வேர்க்காலின் மீதான இழுப்பு அப்படியே இருக்கிறது.

இந்த இழுப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்து, முடி தொடங்கும் கோடு பின்வாங்கும். இதை இழுவிசை முடியுதிர்வு என்பார்கள். முடியை இறுக்கி உயர்த்திக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் இப்படி நெற்றியோரம் வழுக்கை விழுந்ததை 1907-இலேயே மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிறது. தொடக்கத்திலேயே கட்டும் முறையை மாற்றினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும். அங்கே பிறகு முடி வராது. முடி தொடங்கும் கோட்டில் சிறு பருக்கள் போலப் புடைப்போ சிவப்போ தெரிந்தால் பயணம் முடிந்ததும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரிசெய்ய, முதலில் சடை தொடங்கும் இடத்தைக் கீழே இறக்குங்கள். உச்சியில் குதிரைவால் கட்டி அதைப் பின்னினால் முழுக் கூந்தலின் எடையும் சிறிதளவு வேர்க்கால்களின் மீது விழுகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஆடி ஆடி இழுக்கிறது. பிடரிக்குச் சற்று மேலே தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று பின்னலைத் தளர்வாகவும், அதற்குக் கீழே வழக்கமான இறுக்கத்தோடும் பின்ன வேண்டும். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: மேலே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறார்கள், கீழே வரும்போது கை ஓய்ந்து தளர விட்டுவிடுகிறார்கள். பின்னி முடித்ததும் சடையின் தொடக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் சடையை ஒரு கையால் பிடித்துத் தலையை நோக்கி மெல்ல மேலே தள்ளுங்கள். முதல் பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும்.

தலையோடு ஒட்டிப் பின்னும் பிரெஞ்சுப் பின்னல் காற்றுக்கு நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக முடி சேர்த்துக்கொண்டே போவதால் எடை பரவுகிறது. ஆனால் கை இறுக்கமானவர்களுக்கு அதுவே தலைவலியாக முடியும். நாள் முழுக்க வெளியில் இருக்கப் போகிறீர்கள் என்றால் நான் இரட்டைச் சடையையே சொல்வேன். எடை இரண்டாகப் பிரிகிறது, பின்னந்தலையில் மேடு இல்லாததால் ஹெல்மெட் சரியாக உட்கார்கிறது, மல்லாந்து படுக்கவும் முடிகிறது. வகிட்டை மட்டும் ஒரே இடத்தில் வைக்காமல் அவ்வப்போது ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள்.

பிடரியில் சிக்குக் கட்டி

பயணத்தில் முடியை அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அதைவிட அதிகமாக இழப்பது, கட்டியை அவசரமாகப் பிரிக்கும்போது.

முடியின் மேற்பரப்பில் மிக மெல்லிய செதில்கள், வேரிலிருந்து நுனியை நோக்கி, கூரையில் ஓடு வேய்ந்ததைப் போல அடுக்கியிருக்கின்றன. முடி மேலும் கீழுமாக உரசும்போது ஓர் இழையின் செதில் இன்னொன்றின் செதிலில் மாட்டிக்கொள்கிறது. ஒரு திசையில் நகரும், திரும்பி வராது. வியர்வையின் உப்பும் தூசியும் சேர்ந்தால் பிடிப்பு இன்னும் கெட்டியாகிறது. பிடரியில் சடைக்குள் அடங்காத குட்டை முடிகள் நிறைய இருப்பதால் கட்டி அங்கேதான் தொடங்குகிறது.

எது உரசுகிறது என்று ஊகிக்க வேண்டாம். முதுகுப் பையைக் கழற்றி அதன் மேல் விளிம்பையும் தோள் வார்களின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடி ஒட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் குற்றவாளி. ஜாக்கெட் காலரின் ஒட்டுப் பட்டை, கழுத்தருகே வரும் ஜிப்பின் பல், ஹெல்மெட்டின் பின் விளிம்பு, பஸ் இருக்கையின் சொரசொரத்த துணி ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கட்டி விழுந்துவிட்டது என்றால் முதல் விதி, தண்ணீர் ஊற்றாதீர்கள். நனைந்தால் கட்டி இறுகும், முடியும் பலம் இழக்கும். உலர்ந்த கட்டியின் மீதே எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகத் தடவி, விரல் நுனியால் அழுத்தி உள்ளே இறங்க விடுங்கள். கால் மணி நேரம் கழித்து, கட்டிக்கு மேலே வேர்ப்பக்கமாக முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது வரும் இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிட வேண்டும், தலைக்குப் போகக் கூடாது. மறு கையால் கட்டியை அகலவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். நீளவாக்கில் இழுத்தால் செதில்கள் இன்னும் பற்றும். பக்கவாட்டில் விரித்தால் கட்டி பஞ்சு போல நெகிழ்ந்து பிளக்கும். ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்குங்கள். பட்டாணி அளவுக்கு வந்தபின் சீப்பின் வால் முனையால் கீழ் விளிம்பிலிருந்து ஒவ்வோர் இழையாக வெளியே எடுக்கலாம். அகலப் பல் சீப்பு கடைசியில்தான் வர வேண்டும். அதுவும் நுனியில் தொடங்கி, இரண்டு விரற்கடை இரண்டு விரற்கடையாக மேலே ஏற வேண்டும். கையோடு வரும் முடியைப் பார்த்துப் பதற வேண்டாம். கட்டிக்குள் இருப்பதில் கணிசமானது ஏற்கெனவே உதிர்ந்து, வெளியே வர வழியில்லாமல் சிக்கிக் கிடந்த முடி.

களைத்துப் போன இரவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். எண்ணெய் தடவி, மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள். காலையில் கட்டி பாதி இளகியிருக்கும். இரண்டு தடவை பொறுமையாக உட்கார்ந்தும் பிரியவில்லை என்றால் கத்தரி எடுக்கலாம். அப்போதும் குறுக்கே வெட்ட வேண்டாம். கத்தரி முனையை முடி போகும் திசையிலேயே, நுனியை நோக்கி வைத்து, கட்டிக்குள் செங்குத்தாக இரண்டு மூன்று கீறல் விடுங்கள். சில இழைகளின் நீளம் போகும், கட்டி துண்டுகளாக உதிரும், மற்ற முடியெல்லாம் தப்பிவிடும்.

மறுநாள் மீண்டும் விழாமலிருக்க, பையை மாட்டுவதற்கு முன்பே இரு சடைகளையும் தோளின் முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பை ஏறியபின் இழுத்து எடுத்தால் வாருக்கும் தோளுக்கும் இடையே பிய்ந்துதான் வரும். பிடரியின் குட்டை முடிகளை ஒரு துளி எண்ணெயால் படிய வைத்துப் பின்னலோடு சேருங்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டு அல்லது சாட்டின் துணி ஒன்று இருந்தால் பாதி உரசல் குறைந்துவிடும். பருத்திக் கைக்குட்டை இதற்கு உதவாது. அது முடியை வழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும்.

சடையிலிருந்து முடி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னல் அவிழ்ந்துகொண்டே வருகிறது

நீட்டிக்கொண்டிருக்கும் முடிகளில் ஒன்றைப் பிடித்து வெளிர் துணியின் மேல் வைத்து அதன் நுனியைப் பாருங்கள். நுனி கூர்மையாகச் சிறுத்துப் போயிருந்தால் அது புதிதாக வளரும் முடி, மகிழ்ச்சியோடு விட்டுவிடலாம். நுனி மழுங்கலாகவோ பிசிறாகவோ இருந்தால் முறிந்த முடி. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால், ரப்பர் பேண்ட் அல்லது வார் படும் இடத்தில் முறிகிறது என்று அறிந்துகொள்ளலாம். அடுக்கடுக்காக முடி வெட்டியவர்களுக்கு இரண்டும் இல்லாமலேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் முடி அப்போதுதான் அலசப்பட்டு வழுக்குவது. கிளம்பும் நாளன்று தலைக்குக் குளிக்காமல் முந்தைய நாளே குளிப்பது நல்லது. மூன்று கால் பின்னல் நிற்காத முடிக்கு நான்கு கால் பின்னல் நிற்கும். அதுவும் போதாவிட்டால் சடையின் வழியே சாண் இடைவெளியில் மென்மையான பேண்ட் போடுங்கள். காற்று பலமாக இருந்தால் சடையைச் சுற்றிக் கொண்டையாகக் குத்திவிடுவதே மேல். தொங்கும் சடை காற்றில் அடிபட்டு அடிபட்டே பிசிறாகும்.

பேண்ட் போட்ட இடத்தில் முறிவு

துணி சுற்றாத வெறும் ரப்பர் பேண்ட் முடியைப் பற்றி இழுக்கிறது. வெயிலில் நாள்பட்டால் ஒட்டவும் செய்கிறது. துணி சுற்றியது, உலோகப் பொருத்து இல்லாதது, தளர்ந்த சுருள் வகை எதுவானாலும் சரி. கட்டும் இடத்தை நாளுக்கு நாள் ஓர் அங்குலம் மாற்றுங்கள். வேறு வழியில்லாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் உருவ வேண்டாம், வெட்டி எடுங்கள்.

நுனி வறண்டு பிளக்கிறது

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. 60 சென்டிமீட்டர் கூந்தல் என்றால் அதன் நுனிக்கு வயது ஐந்து ஆண்டு. அத்தனை வெயிலையும் சீப்பையும் கண்ட முடியைச் சடைக்கு வெளியே ஒரு சாண் தொங்கவிட்டுக்கொண்டு காட்டில் நடந்தால் அது பிளக்காமல் என்ன செய்யும்? வெளியே தொங்கும் குஞ்சம் இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் வேண்டாம். அதையும் எண்ணெய் தொட்டு, மேல்நோக்கி மடித்து, மடிப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒரு துண்டு ரிப்பனைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குளிர்ந்த இடத்துக்குப் போகிறவர்கள் குறுகிய வாய்ப் புட்டியைத் தவிர்த்துச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பிளந்துவிட்ட நுனியை எந்த எண்ணெயும் ஒட்டாது. கூரிய கத்தரியால் பிளவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுவதுதான் வழி. வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறும்.

மழையில் நனைந்த சடை வாடை அடிக்கிறது, தலை அரிக்கிறது

வெளியே தொட்டால் உலர்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். கெட்டியான சடை உலர நாள் முழுதும் கூட ஆகும். சடையின் தடித்த பகுதியை உலர்ந்த மெல்லிய துணியால் சுற்றி ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் ஈரம் ஏறினால் அவிழ்த்தே ஆக வேண்டும்.

அவிழ்த்ததும் சீப்பைத் தொடாதீர்கள். நனைந்த முடி ரப்பர் போல் நீளும். நீளத்தில் சுமார் 30 விழுக்காடு வரை இழுபட்டுத் திரும்பக்கூடும். அதைத் தாண்டினால் திரும்பாது. துணியால் முறுக்கிப் பிழியாமல் அழுத்தி ஒற்றுங்கள், விரலால் விரித்துக் காற்றாட விடுங்கள். கூடாரத்துக்குள் வேறு வழியில்லை என்றால் தளர்ந்த இரட்டைச் சடையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு படுங்கள். இரண்டு மெல்லிய சடைகள் ஒரு தடித்த சடையைவிடச் சீக்கிரம் உலரும்.

ஈர முடியை நாள்தோறும் கட்டி வைப்பது பூஞ்சைக்கு வசதி செய்து கொடுப்பது. முடித்தண்டில் வெள்ளையாக, மென்மையாக, உருவினால் வந்துவிடும் சிறு முடிச்சுகள் தெரிந்தால் அது அப்படிப்பட்ட பூஞ்சையாக இருக்கலாம். ஈர் என்றால் முடியின் ஒரு பக்கத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கும், எளிதில் வராது. இரண்டில் எதுவானாலும் சீப்பையும் தொப்பியையும் யாரோடும் பகிராமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்கியபின் முடி முரடாகிறது, பச்சை ஓடுகிறது

இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி உப்பு நீரையோ குளோரின் நீரையோ குறைவாகவே ஏற்கும். தளர்ந்த சடை போதும். ஏறியவுடன், உப்பு உலர்ந்து படிவதற்குள், சடையோடு சேர்த்தே அலசிவிட்டுப் பிறகு அவிழுங்கள். வெளிர் நிற முடியில் ஓடும் பச்சைக்குத் தண்ணீரிலுள்ள செம்பே காரணம். குளோரின் அதற்குத் துணை மட்டும்.

வகிடு எரிகிறது, சடையின் மேற்பரப்பு செம்பட்டையாகிறது

இரண்டும் வெயிலின் வேலை. வகிடு என்பது தலையில் மூடப்படாமல் கிடக்கும் தோல். அது கன்னத்தைப் போலவே வெயிலில் வெந்துபோகும். முடியின் நிறமியையும் புரதத்தையும் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. அகன்ற விளிம்புத் தொப்பியோ தலையில் கட்டும் துணியோ இரண்டையும் காக்கும். நேர் வகிட்டுக்குப் பதில் வளைந்து வளைந்து போகும் வகிடு எடுத்தால் ஒரே கோட்டில் வெயில் விழாது. சடையைத் தினமும் ஒரே பக்கம் வெளியே காட்டாமல் உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

சடை எதிலாவது மாட்டிக்கொள்கிறது

இதுவரை சொன்னதெல்லாம் முடிக்குச் சேதம். இது உயிர் சம்பந்தப்பட்டது. மோட்டார் சைக்கிளில் சக்கரத்தையும் சங்கிலியையும், படகில் இயந்திரத்தின் சுழலும் தண்டையும், முகாமில் நெருப்பையும் தொங்கும் சடை நெருங்கவே கூடாது. ஹெல்மெட் போடுகிறவர்கள் ஒற்றைச் சடையோ இரட்டைச் சடையோ, பிடரியில் தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். உச்சிக் கொண்டையின் மேல் ஹெல்மெட் போட்டால் அது தலையில் சரியாகப் படியாது, விபத்தில் காக்கவும் காக்காது. அடுப்பைக் குனிந்து ஊதும் முன் சடையைச் சுற்றிக் குத்திக்கொள்ளுங்கள்.

கயிற்றில் இறங்குகிறவர்கள், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கயிற்றில் பொருத்தும் முன்பே சடையைச் சட்டைக்குள் போட்டுவிட வேண்டும். கீழே குனிந்து பார்க்கும் ஒரு நொடியில் கயிறு சடையையும் சேர்த்துக் கருவிக்குள் இழுத்துவிடும். மாட்டிக்கொண்டால் இறங்குவதை உடனே நிறுத்துங்கள், துணைவரைக் கூப்பிடுங்கள், கயிற்றின் மேலுள்ள எடையை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எடை போனால் முடி தானே விடுபடும். பதற்றத்தில் கத்தியை எடுப்பது மிக ஆபத்து. பாரம் தாங்கி விறைத்து நிற்கும் கயிறு கத்தி லேசாகப் பட்டாலே அறுந்துவிடும்.

அவிழ்க்கும்போது கொத்துக் கொத்தாக முடி வருகிறது

ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. மூன்று நாள் அவிழ்க்காத சடைக்குள் அதெல்லாம் போக இடமின்றித் தங்கியிருக்கும். அவிழ்க்கும்போது 150 முதல் 300 முடி ஒன்றாக வந்தால் அது கணக்குக்கு உட்பட்டதுதான். உதிர்ந்த முடியின் வேர் முனையைப் பாருங்கள். வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் தன் காலம் முடிந்து உதிர்ந்தது. குமிழே இல்லாமல் இரு முனையும் மழுங்கலாக இருக்கும் துண்டுகள் அதிகம் என்றால் எங்கோ முறிகிறது. அந்தத் துண்டுகளின் நீளத்தைச் சடையோடு வைத்து அளந்தால் முறியும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். மேலே அந்த இடத்துக்குரிய பகுதிக்குப் போங்கள்.

முடிந்தவரை தினமும் இரவில் அவிழ்த்து, விரலால் கோதி, தளர்வாகப் பின்னிக்கொண்டு படுங்கள். தண்ணீர் கிடைக்காத பயணத்தில் இரண்டு மூன்று நாள் விடலாம். அதற்கு மேல் உதிர்ந்த முடியே உள்ளுக்குள் கட்டியாகத் தொடங்கும். அவிழ்ப்பதற்கு முன் சடையின் மேல் எண்ணெய் தொட்ட உள்ளங்கையால் ஒருமுறை உருவிவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பின்னலாகப் பிரியுங்கள். முழுக்கப் பிரித்து, உதிர்ந்ததையெல்லாம் விரலால் எடுத்த பிறகே தலைக்குத் தண்ணீர். உதிர்ந்த முடி உள்ளே இருக்கும்போதே அலசினால் பிடரியில் கட்டி விழுவது நிச்சயம். தலையில் நாணயம் அளவுக்கு வெறுமையான இடம் ஏதேனும் கண்ணில் பட்டால் மட்டும் இந்த வழிமுறைகளோடு நிற்க வேண்டாம். மருத்துவர் பார்க்கும் வரை அந்தப் பகுதி முடியைப் பின்னாமல், தளர்வாக ஒரு துணிக்குள் சுருட்டி வையுங்கள்.